வேலிக்குத் துடித்த விமானம்

போன வருடத்துக்கு முந்தின வருடம், ஐப்பசி மழையில் ஏற்காடு ஊறிக்கொண்டிருந்த சமயம். கரடியூர் போகிற வழியில், ஒரு காபி எஸ்டேட்டை ஒட்டி இருக்கும் எங்கள் வீட்டில்தான் இது நடந்தது. எனக்கு எஸ்டேட் ஆபீஸில் கம்ப்யூட்டர் வேலை. கணவர் ஜீப் ஓட்டுகிறார். நான் இதுவரை விமானத்தில் ஏறியதே இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இது என் விமானத்தைப் பற்றிய கதை.

கம்ப்யூட்டரில் விமானம் ஓட்டும் சிமுலேட்டர் என்று ஒன்று இருக்கிறது. அதை விளையாட்டு என்று யாராவது சொன்னால் எனக்குச் சுருக்கென்று கோபம் வரும். காற்று, மேகம், பெட்ரோல் அளவு எல்லாம் நிஜ விமானத்தில் இருப்பது போலவே அதில் இருக்கும். சேலம் விமான நிலையத்தில் கிளம்பி, அடிவாரத்தைத் தாண்டி, ஒரு கொண்டை ஊசி வளைவுகூட இல்லாமல் நேராக மலைக்கு மேலே வந்துவிடலாம். பஸ்ஸில் எலுமிச்சம்பழத்தை மூக்கில் வைத்துக்கொண்டே ஏறி இறங்குகிற எனக்கு அது எவ்வளவு பெரிய சுகம் என்று சொல்லிப் புரியவைக்க முடியாது.

ஆனால் கீபோர்டைத் தட்டி விமானம் ஓட்டுவது எனக்குப் பிடிக்கவில்லை. கையில் பிடிக்கக் கைப்பிடி வேண்டும், காலுக்கு மிதி வேண்டும். கடையில் கிடைக்கும்தான். ஆனாலும் அதற்குள்ளே என்ன இருக்கிறது, நாமே செய்தால் என்ன என்ற அரிப்பு எனக்கு. வீடியோக்களைப் பார்த்துப் பார்த்துச் செய்ய ஆரம்பித்தேன். கைப்பிடிக்குத் தண்ணீர்க் குழாய். மிதிக்கு, எஸ்டேட்டில் விழுந்த சில்வர் ஓக் மரத்தில் அறுத்த பலகை, கதவுக் கீல், மேலே கால் வழுக்காமல் இருக்கப் பழைய ரப்பர் செருப்பு. ரேடியோவில் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கத் திருகுவோமே, அந்த வால்யூம் கண்ட்ரோலை மிதியோடு இணைத்துவிட்டால், மிதி எவ்வளவு அமுங்கியது என்பது அதில் தெரியும். அதைத் தீப்பெட்டி அளவு போர்டு ஒன்று கம்ப்யூட்டருக்குச் சொல்லும். அவ்வளவுதான் ரகசியம். முதல் முறை இடது காலை அழுத்தியதும் திரையில் விமானம் இடது பக்கம் மூக்கைத் திருப்பியபோது நான் போட்ட கூச்சலில் என் கணவர் பாத்ரூமிலிருந்து ஓடி வந்தார்.

"என்ன பைலட்டம்மா, பாம்பா?" என்றார்.

அன்றிலிருந்து எனக்கு அந்தப் பெயர்தான்.

பிரச்சினை ஒரு வாரம் கழித்து வந்தது. சாயங்காலம் ஆபீஸ் முடிந்து வந்து உட்கார்ந்தால், விமானம் துடிக்கும். நான் மிதியைத் தொடவே மாட்டேன். ஆனால் விமானத்தின் வால் தானாகவே வெடுக்கென்று ஒருமுறை திரும்பி, பழைய இடத்துக்கு வந்துவிடும். கொஞ்சம் பொறுத்து மறுபடியும் வெடுக். விக்கல் எடுத்த மாதிரி. ஓடுபாதையில் இறங்குகிற நேரத்தில் வால் விக்கினால் என்ன ஆகும்? ஒவ்வொரு சாயங்காலமும் சேலம் விமான நிலையத்தின் புல்தரையில் நான் குப்புற விழுந்தேன்.

விடுமுறை நாளில் காலையில் ஓட்டினால் ஒன்றும் இல்லை. வெண்ணெய் மாதிரிப் போகும். சாயங்காலம்தான் விக்கல். மேகம் இறங்கி வீட்டுக்குள் வருகிற நாட்களில் இன்னும் மோசம். சரி, ஈரம்தான் காரணம் என்று நான் முடிவு கட்டிவிட்டேன். எங்கள் ஊரில் உப்பு ஜாடியிலிருந்து கல்யாண ஆல்பம் வரை எல்லாமே ஈரம் குடிக்கும், வால்யூம் கண்ட்ரோல் குடிக்காதா? அதைக் கழற்றி அரிசி டப்பாவுக்குள் புதைத்து வைத்தேன். மறந்துபோய் அப்படியே விட்டுவிட்டேன். அடுத்த நாள் அரிசி களையும்போது கணவர் கையில் அது அகப்பட்டது.

"இதையும் வேக வெக்கோணுமா, இல்ல தாளிக்கோணுமா?" என்று கேட்டார் மனுஷன்.

அரிசியாலும் விக்கல் நிற்கவில்லை. புது வால்யூம் கண்ட்ரோல் போட்டேன். ஒயர்களை ஒட்ட ஈயம் வைத்த இடங்களையெல்லாம் சுரண்டிவிட்டு மறுபடி வைத்தேன். போர்டையே மாற்றினேன். இந்தப் பைத்தியம் பிடித்தவர்களுக்கென்று இணையத்தில் ஒரு குழு உண்டு. அங்கே கேட்டேன். ஃபிரிட்ஜை அணைத்துப் பாருங்கள் என்றார் ஒருவர். எங்கள் வீட்டில் ஃபிரிட்ஜே கிடையாது, வெளியே வைத்தாலே பால் கெடாது. பக்கத்தில் லிஃப்ட் ஓடுகிறதா என்றார் இன்னொருவர். லிஃப்டா! எங்கள் தெருவில் மாடிப்படி வைத்த வீடே இரண்டு மூன்றுதான்.

ஒரு சாயங்காலம் வெறுத்துப்போய் எழுந்து, கொடியில் கிடந்த துணியை எடுக்கப் பின்பக்கம் போனேன். மழை விட்டு மேகம் இறங்கியிருந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் ஏதோ சத்தம். டக். கொஞ்சம் பொறுத்து மறுபடி டக். எட்டிப் பார்த்தேன். மேலே சரிவில் குடியிருக்கிற பக்கத்துத் தோட்டத்து அக்காவின் சோலார் வேலி எங்கள் சுவரை ஒட்டித்தான் வந்து முடிகிறது. அதன் கம்பியில் ஒரு நனைந்த காபிக் கிளை சாய்ந்து, தொட்ட இடத்தில் குட்டியாக ஒரு நீலப் பொறி தட்டிக்கொண்டிருந்தது. டக். டக். டக். கையில் துணியோடு அப்படியே நின்றேன். இந்தத் தாளத்தை நான் எங்கேயோ பார்த்திருக்கிறேன் என்று தோன்றியது. கேட்டதில்லை, பார்த்திருக்கிறேன்!

"ஏனுங்க! சீக்கிரம் போய் என் சேர்ல உக்காருங்க. திரையில வால் ஆடுறப்பெல்லாம் 'இப்போ'ன்னு கத்துங்க!" என்றேன்.

மனுஷன் ஒரு கேள்வி கேட்கவில்லை. உள்ளேயிருந்து "இப்போ!" என்றார். வெளியே டக். "இப்போ!" டக். "இப்போ!" டக். நான் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறேன், அவர் உள்ளே விடாமல் இப்போ இப்போ என்று கத்துகிறார். மேலே மேகத்துக்குள்ளிருந்து அக்கா கையில் டார்ச்சோடு பதறிக்கொண்டு இறங்கி வந்துவிட்டார்.

"ஏங்கண்ணு, என்னாச்சு? ஊட்டுல யாருக்காவது மேலுக்கு முடியலையா?"

அந்த அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். காபி, மிளகு, வாழை, கொஞ்சம் கேழ்வரகு என்று அக்காவும் அவர் கணவரும் அந்தச் சரிவில் பயிர் செய்கிறார்கள். எங்கள் மலையில் காட்டெருமை அதிகம். அதற்காகத்தான் அந்த வேலி. பொழுது சாய்கிற நேரத்தில் மாட்டுக் கொட்டகையில் இருக்கிற பெட்டியில் ஸ்விட்ச் போட்டால், விட்டு விட்டு ஒரு ஷாக் கம்பி வழியாகத் தோட்டத்தைச் சுற்றி ஓடும். தொட்ட மாடு உதறிக்கொண்டு திரும்பிவிடும், செத்துப் போகாது. ஆனால் கம்பி எங்கேயாவது அறுந்திருந்தால் பெட்டிக்குத் தெரியாது. அது பாட்டுக்குப் பச்சை விளக்கைக் காட்டிக்கொண்டிருக்கும். அதனால் தினமும் சாயங்காலம் டார்ச்சும் டெஸ்டரும் எடுத்துக்கொண்டு கம்பியோடு கீழே வரை நடந்து பார்க்க வேண்டும். முந்தின வருடம் அப்படி நடந்து போன இடத்தில்தான் ஒரு காட்டெருமை அக்காவின் கணவரைத் தூக்கி எறிந்தது. பிழைத்தார். ஆனால் இடுப்பில் அடி, சரிவில் இறங்க முடியாது. அவருக்குப் பதிலாக அக்கா நடக்க ஆரம்பித்திருந்தார். அது அவருக்கு எவ்வளவு பயம் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

அக்காவை உள்ளே கூட்டிக்கொண்டு போய் உட்காரவைத்து, துடிக்கிற விமானத்தைக் காட்டினேன். "பாருங்கக்கா, இது உங்க வேலி பண்ற வேலைங்க. காலுக்குக் கீழ இருக்கிற ஒயரு உங்க கம்பிக்கு இவ்ளோ பக்கத்துல இருக்குதா, ஒவ்வொரு ஷாக்கும் இதுல வந்து இடிக்குதுங்க. மேல கவசம் போட்ட மைக் ஒயரா மாத்திட்டா நின்னுரும்" என்றேன். கண்டுபிடித்த சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

அக்கா திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். "அப்ப இது ஆடுதுன்னா, எங்க கம்பி கடைசி வரைக்கும் உசுரோட இருக்குதுன்னு அர்த்தமா?"

"ஆமாங்கக்கா."

"இடையில அறுந்துச்சுன்னா?"

"ஆடாதுங்க."

"அப்படின்னா அதை எதுக்குக் கண்ணு நிறுத்தற?"

பல வாரமாக நான் தலைகீழாக நின்று ஒழிக்கப் பார்த்த கோளாறு அந்த அக்காவுக்கு வேண்டியிருந்தது. அதனால் அவருக்குத் தினமும் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு நடக்கிற நடை மிச்சம்.

அடுத்த வாரம் சேலம் போய் மைக் ஒயர் வாங்கி வந்து மிதியைச் சரிசெய்தேன். ஆனால் போர்டில் காலியாக இருந்த ஒரு துளையில், எந்தக் கவசமும் இல்லாத ஒரு வெறும் ஒயரைக் கோத்து, ஜன்னல் வழியாகச் சுவரோரம் வரை நீட்டிவிட்டேன். அதில் வேலித் துடிப்பு வந்தால் கைப்பிடிக்கு மேலே ஒரு சின்னச் சிவப்பு விளக்கு சிமிட்டும். பொழுது சாய்ந்ததும் விளக்கு சிமிட்டுகிறதா என்று பார்ப்பேன். சிமிட்டினால் அக்காவுக்கு ஒரு மிஸ்டு கால். அதுதான் எங்கள் ஏற்பாடு. மிஸ்டு கால் வந்தால் வேலி நன்றாக இருக்கிறது, அக்கா வெளியே இறங்க வேண்டாம். வராவிட்டால் என்ன செய்வது என்று இரண்டு பேருமே பேசிக்கொள்ளவில்லை. அது அப்போது எங்கள் புத்தியில் தட்டவே இல்லை.

கொஞ்ச நாள் அருமையாகப் போயிற்று. "உங்க பிளேனு நல்லா இருக்குதுங்களா?" என்று அக்காவின் கணவர் ரோட்டில் பார்க்கும்போதெல்லாம் விசாரிப்பார். எனக்குப் பெருமையாக இருக்கும்.

அந்த நாளும் மேகம்தான். மத்தியானம் பெரிய காற்று அடித்து ஓய்ந்திருந்தது. ஆபீஸிலிருந்து வந்து, காபியை ஆற்றிக்கொண்டே சிஸ்டத்தைப் போட்டேன். விளக்கு சிமிட்டவில்லை. இங்கேதான் என் பழக்கம் என்னைக் கவிழ்த்தது. நானே செய்த சாமான் ஒன்று வேலை செய்யாவிட்டால் என் மனசு முதலில் என் ஈயத்தைத்தான் சந்தேகப்படும். அந்தச் சிவப்பு விளக்கின் கம்பிக் கால் ஏற்கெனவே ஒருமுறை விட்டுப்போயிருந்தது. இன்றும் அதுதான் என்று முனகிக்கொண்டே கைப்பிடியைக் கவிழ்த்தேன், ஸ்க்ரூவைக் கழற்றினேன், சால்டரிங் அயர்னைச் சொருகிவிட்டு அது சூடாகட்டும் என்று உட்கார்ந்தேன். விளக்கின் காலை ஆட்டிப் பார்த்தேன். கெட்டியாக இருந்தது. ஒயரை இழுத்துப் பார்த்தேன். அதுவும் கெட்டி. அட, எல்லாம் நன்றாகத்தானே இருக்கிறது, அப்புறம் ஏன் சிமிட்டவில்லை என்று யோசித்தேன்.

யோசித்ததும் சட்டென்று விளங்கிவிட்டது. என் சாமானில் கோளாறு இல்லை என்றால் வேலி செத்துக் கிடக்கிறது. இன்னும் ஒன்று. நான் இன்றைக்கு மிஸ்டு கால் கொடுக்கவில்லை. அக்கா என்ன நினைத்திருப்பார்?

போன் போட்டேன். எடுத்தது அவர் கணவர்.

"அவ போன இங்கயே வெச்சுட்டு அப்பவே டார்ச்ச எடுத்துட்டுக் கீழ எறங்கிட்டாளுங்க. உங்க போனு வரலை, டவரு கெடைக்கலையாட்ட இருக்குதுன்னு சொல்லிட்டுப் போனா. ஏனுங்க?"

போனை அப்படியே போட்டேன். பின்பக்கக் கதவைத் திறந்துகொண்டு ஓடினேன். கை நீட்டினால் கை தெரியாத மேகம். சுவரைப் பிடித்துக்கொண்டு மேலே பார்த்து, என் தொண்டை கிழியக் கத்தினேன்.

"அக்கா! வேலி செத்துருச்சுங்க! வராதீங்க! அங்கயே நில்லுங்க!"

ஒன்றும் இல்லை. மறுபடி கத்தினேன். மேலே எங்கேயோ, நான் பயந்ததைவிடப் பக்கத்திலேயே, டார்ச் வெளிச்சம் மஞ்சளாக ஒரு கறை மாதிரித் தெரிந்தது. அது நின்றது. "ஏங்கண்ணு?" என்று அக்காவின் குரல் கேட்டது. அதற்கும் எனக்கும் நடுவில், இருட்டில், புஸ்ஸென்று ஒரு பெருமூச்சு. மனுஷ மூச்சு இல்லை அது.

அதற்குள் என் கூச்சல் கேட்டு என் கணவர் ஜீப்பைப் பின்பக்கமாகத் திருப்பிக் கொண்டுவந்து லைட்டைச் சரிவில் அடித்தார். மேகத்துக்குள் அந்த வெளிச்சம் பாலில் விட்ட மாதிரிக் கரைந்தது. ஆனாலும் தெரிந்தது. முதலில் கால்கள். முழங்கால் வரை வெள்ளையாக, ஸாக்ஸ் போட்ட மாதிரி. அதற்கு மேலே ஒரு கறுப்புச் சுவர். அக்கா இறங்கி வர வேண்டிய தடத்தின் மேலேயே அது நின்று, வாழைக் கன்றை நிதானமாகக் கடித்துக்கொண்டிருந்தது. அக்கா இன்னும் ஒரு திருப்பம் இறங்கியிருந்தால் அதன் நெற்றியில் போய் முட்டியிருப்பார்.

"அசையாதீங்க. டார்ச்ச அணைச்சுட்டு மரத்துக்குப் பின்னால நில்லுங்க" என்று கணவர் சத்தத்தை அடக்கிச் சொன்னார். டார்ச் அணைந்தது. நாங்கள் நின்றோம். அது தின்றது. எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியாது. நான் என் கணவரின் சட்டையைப் பிடித்துத் திருகியதில் பொத்தான் தெறித்ததுகூட அப்புறம்தான் தெரிந்தது. மேலே வீட்டு வாசலில் அக்காவின் கணவர் இறங்கவும் முடியாமல், கூப்பிடவும் பயந்துகொண்டு நிற்பார் என்ற நினைப்பு வேறு என்னைப் பிசைந்தது. கடைசியில் அதற்கு எங்கள் வெளிச்சம் சலித்துப்போயிற்று போல. தலையைத் திருப்பி, கீழ் மூலைப் பக்கம் நடந்து, காபிச் செடிகளுக்குள் மறைந்தது. அந்த மூலையில்தான் காற்றில் முறிந்த சில்வர் ஓக் கிளை ஒன்று கம்பியை அறுத்துப் போட்டிருந்தது. காலையில் பார்த்தோம்.

அக்கா மேலே ஏறிப் போகவில்லை. ஜீப் வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டே எங்கள் சுவர் வரை வந்து, என் கையைப் பிடித்து இறங்கினார். உடனே என் போனிலிருந்து மேலே கூப்பிட்டு, "வந்துட்டேன், இவங்க ஊட்டுல இருக்கறேன்" என்று சொன்னார். அந்தப் பக்கம் அவர் கணவர் அழுதது எங்களுக்கும் கேட்டது. அக்கா ஒரு வாய் காபி குடித்தார்.

"நீ போன் பண்ணலைன்னதும், டவரு கெடைக்கலையாட்ட இருக்குது, நாமளே பாத்துக்கலாம்னு எறங்கிட்டேன் கண்ணு. இந்தப் பக்கம் வாழை மறைச்சதுல நான் ஒண்ணுமே பாக்கல. நில்லுங்கன்னு ஒரு சத்தம் போட்ட பாரு, நொம்ப நாளைக்கு அது என் காத விட்டுப் போகாது."

அதற்கப்புறம் எனக்கும் அழுகை வந்துவிட்டது. என் கணவர்தான், "சரி சரி, பைலட்டம்மா அழுதா பிளேன் எப்படி எறங்கும்?" என்று சொல்லி எங்களைச் சிரிக்க வைத்தார். மேஜை மேல் சால்டரிங் அயர்ன் அணைக்காமல் கிடந்து, பலகையில் ஒரு கரும்புள்ளி விழுந்திருந்தது. அந்தப் புள்ளி இன்றும் இருக்கிறது.

இரண்டு நாள் கழித்து அக்காவின் கணவர் ரோடு வழியாகச் சுற்றிக்கொண்டு, கம்பை ஊன்றி எங்கள் வீட்டுக்கு வந்தார். வந்தவர் நேராக மேஜைக்குப் போய், "இதுதானுங்களா அது?" என்று சிவப்பு விளக்கை ஒரு விரலால் தொட்டுப் பார்த்தார். ஓட்டிப் பார்க்கிறீர்களா என்றேன். கொஞ்சம் கூச்சப்பட்டுவிட்டு உட்கார்ந்தார். சேலத்திலிருந்து கிளப்பி மலைக்கு மேலே கொண்டுவந்து கைப்பிடியை அவரிடம் கொடுத்தேன். ஏரி தெரிந்தது. சேர்வராயன் கோயில் உச்சி இருக்க வேண்டிய இடத்தில் ஒரு பச்சை மேடு தெரிந்தது. "எங்க காடு தோட்டமெல்லாம் எங்கீங்க?" என்று அவர் குனிந்து குனிந்து தேடினார். அதெல்லாம் இதில் வராதுங்க என்றேன். "போச்சாது போங்க, பரவால்ல, மாடும் வராதில்ல" என்றார். சரிவில் ஒரு அடி இறங்க முடியாத மனுஷர், அன்றைக்கு அந்த மலையை மூன்று நான்கு சுற்று சுற்றிவிட்டுத்தான் எழுந்தார்.

ஏற்பாட்டையும் அன்றே உட்கார்ந்து திருத்தினோம். இப்போது மிஸ்டு கால் வந்தால் வேலி நன்றாக இருக்கிறது. வராவிட்டால், நான் மறந்திருந்தாலும் சரி, டவர் இல்லாவிட்டாலும் சரி, என் ஈயமே விட்டுப்போயிருந்தாலும் சரி, வேலி செத்துவிட்டது என்றுதான் அர்த்தம். யாரும் கீழே இறங்கக் கூடாது. வாசலில் நின்று மாட்டை விரட்ட வெடி போட்டுவிட்டு, விடிந்த பிறகு கம்பியைப் பார்க்க வேண்டும். இதை முதல் நாளே யோசித்திருக்கலாம். மிஸ்டு கால் வந்தால் என்ன என்று மட்டும் யோசித்தோம், வராமல் போனால் என்ன என்று யோசிக்கவில்லை.

என் மிதி இப்போது வெண்ணெய் மாதிரி ஓடுகிறது. குழுவில் படம் போட்டபோது, அந்த ஒரு ஒயரை மட்டும் ஏன் கவசம் இல்லாமல் விட்டிருக்கிறீர்கள், கோளாறு வருமே என்று ஒருவர் அக்கறையாகக் கேட்டார். வரத்தான் வேண்டும் என்று பதில் எழுதினேன். கோளாறு என்று கண்டால் ஒழித்துக் கட்டுகிற புத்தி எனக்கு இன்னும் போகவில்லை, ஆனால் இப்போதெல்லாம் சாயங்காலம் சேலம் ஓடுபாதையில் விமானத்தை நிறுத்திவைத்துவிட்டு, அந்தச் சிவப்பு விளக்கு ஒருமுறை துடிப்பதைப் பார்த்து, அக்காவுக்கு மிஸ்டு கால் கொடுத்த பிறகுதான் எனக்கு மேலே எழும்பவே மனசு வருகிறது.